நாற்பத்தோராம் பெயர்

லிரேயா நகரத்து அரசன் தெலேசோனுக்கு, எதிர்க்கரை ஊர்க்காரர்கள் தங்கள் திராட்சைத் திருவிழாவில் இரண்டாவது வரிசையில் இடம் போட்டுவிட்டார்கள். முதல் வரிசையில் அந்த ஊர்ப் பூசாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். எந்த ஊரிலும் அதுதான் வழக்கம், லிரேயாவிலும் அதுதான். ஆனால் தெலேசோன் கண்ணில் பட்டதெல்லாம் தன் மூக்குக்கு நேரே இருந்த ஒரு கிழவனின் வழுக்கைத் தலை மட்டும்தான். ஆட்டம் பாட்டம் முடியும்வரை அந்த வழுக்கையை முறைத்துக்கொண்டிருந்தவன், ஊர் திரும்பிய மறுநாள் சபையைக் கூட்டிப் பெரிய கப்பலைக் கடலில் இறக்கச் சொன்னான். நாற்பது பேரை அனுப்பி எதிர்க்கரைக்காரர்களின் படகுகளைக் கொளுத்தப் போகிறானாம்.

அப்போது வானத்துக் கார்த்திகை விண்மீன்கூட்டம் விடியலில் மேற்கே இறங்கி மறைந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அது மறைந்துவிட்டால் கப்பலை இழுத்துக் கரையேற்றிவிட்டு, சுக்கானைக் கழற்றி வீட்டில் அடுப்புப் புகைக்கு மேலே தொங்கவிட வேண்டும். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட லிரேயாவில் இது தெரியும். தெலேசோனுக்கும் தெரியும். அவனுக்கு அறிவு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருந்தது. ஆனால் அடுத்தவன் வாயிலிருந்து ஒரு விஷயம் வந்துவிட்டால் போதும், அவன் அறிவு உடனே எதிர்த்திசையில் ஓடிவிடும்.

சபையில் எழுந்து நின்றவன் தோர்க்கிஸ். அந்தக் கப்பலுக்குச் சுக்கான் பிடிப்பவன், இருபத்தாறு வயது. இந்தக் காற்றில் கப்பலை எடுத்தால் மூன்றாம் நாள் பலகைதான் திரும்பி வரும் என்று சொன்னான். அரசன் மறுபடியும் சுக்கானை எடு என்றான்.

"சுக்கான் எங்க வீட்டு அடுப்புக்கு மேல தொங்குது ராஜா," என்றான் தோர்க்கிஸ். "அதை இறக்கணும்னா எங்கம்மாவைக் கேக்கணும். நான் அவளுக்கு மட்டும்தான் பயப்படுவேன்."

சபை சிரித்துவிட்டது. மறுப்பைக்கூட தெலேசோன் பொறுத்திருப்பான், சிரிப்பைப் பொறுக்கவில்லை. இவன் எதிர்க்கரையில் கைக்கூலி வாங்கியவன் என்றான். சாட்சி கேட்டவர்களைத் திரும்பிப் பார்த்தான், அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் காலை, துறைமுகத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் செம்பாறையிலிருந்து தோர்க்கிஸைக் கடலில் தள்ளினார்கள். கீழே நீரோட்டம் கடுமையானது. உடம்பு கிடைக்கவில்லை.

அவன் தாய் லிசில்லா கீழே கரையில்தான் நின்றிருந்தாள். ஊரில் யார் செத்தாலும் ஒப்பாரிக்கு முதல் குரல் அவளுடையது. முப்பது வருடமாக அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்ற பெண்கள் சேருவார்கள். மாமியார் செத்ததில் உள்ளூர மகிழ்ந்த மருமகளையும் இரண்டாவது அடியில் தேம்ப வைத்துவிடுகிற குரல் அது. அன்றைக்கு அந்தக் குரல் எழும்பும் என்று ஊரே காத்திருந்தது. எழும்பவில்லை. தன் மகனுக்கு என்ன சொல்லி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடலில் செத்தவனுக்கு லிரேயாவில் ஒரு முறை உண்டு. உடம்பு கிடைக்காவிட்டால் முப்பது நாளுக்குள் கரையில் நின்று அவன் பெயரைச் சொல்லி, வீட்டுக்கு வா என்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தரமும் ஊர்ப் பெண்கள் 'வந்துட்டான்' என்று பதில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் அலைவதை நிறுத்தி, தனக்கு வெட்டிய வெறுங்குழியில் வந்து படுப்பான். இதில் வரிசை தப்பக் கூடாது. முந்திச் செத்தவனை முந்திக் கூப்பிட வேண்டும். அவனைத் தாண்டிப் பின்னவனைக் கூப்பிட்டால், முன்னவன் வழியில் குறுக்கே நின்றுகொள்வான், அதற்குப் பிறகு கடல் யாரையும் வீடு திரும்ப விடாது.

தெலேசோன் அன்று மாலையே ஆணை போட்டான். துரோகியின் பெயரைக் கரையில் யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அவர்களுக்கும் அதே பாறைதான்.

மறுநாள் லிசில்லா அரண்மனை முற்றத்துக்குப் போனாள். தண்டனையைப் பற்றி அவள் பேசவில்லை. கூப்பிட மட்டும் விடுங்கள் என்று கேட்டாள். துரோகிக்கு வீடு கிடையாது, அப்புறம் எங்கே வரச்சொல்லிக் கூப்பிடப் போகிறாய் என்று தெலேசோன் கேட்டான். அப்போது பக்கத்தில் இருந்த ஆர்கியாஸ் தடியை ஊன்றி எழுந்தார். கடல் தெய்வத்தின் கோயிலில் நாற்பது வருடமாகப் பூசை செய்பவர். தெலேசோனின் அப்பாவுக்கும் யோசனை சொன்னவர். அந்த அப்பா கேட்டுக்கொண்டார், இவன் கேட்டதில்லை.

"நான் சொல்றதை ராஜாவா கேக்காத, கடற்கரை ஆளா கேளு," என்றார். "தண்டிச்சுட்ட. அது முடிஞ்சுபோச்சு. இப்ப அவன் வாசல்ல நிக்கறான். அவனை உள்ள விடலேன்னா பின்னாடி வர்ற எவனும் உள்ள வர முடியாது. இந்த ஊர்ல கடலுக்குப் பிள்ளையை அனுப்பாத வீடு எது, சொல்லு? உன் வீடா?"

"ஐயா, செத்தவன் வரிசையா நின்னா என்ன, கும்பலா நின்னா என்ன?" என்றான் தெலேசோன். "எதிர்க்கரையில என்னை ரெண்டாவது வரிசையில உக்கார வெச்சானுங்க. அதுக்குக் கவலைப்பட ஆளில்ல. ஒரு பொணத்துக்கு முதல் வரிசை குடுக்கலைன்னு நீங்க தடியை ஊனிக்கிட்டு வர்றீங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பதில் ஆபத்து இல்லை, அதனால் நன்றாகவே சிரித்தார்கள். லிசில்லா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு அரசனைப் பார்த்து, "சரி ராஜா, உங்க சொல்லே நிக்கட்டும்," என்றாள்.

அவள் அடங்கிவிட்டாள் என்று ஊர் நினைத்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பாவம் என்றார்கள். பாவமெல்லாம் ஒன்றுமில்லை. அவள் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தாள். கரைக்கு ஓடி மகன் பெயரைக் கூவிவிட்டுப் பாறைக்குப் போவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் முதல் கூப்பாட்டிலேயே வாயைப் பொத்திவிடுவார்கள். மூன்று தரம் வேண்டும், ஊர்ப் பெண்களின் பதிலும் வேண்டும். மகன் வீட்டுக்கு வர வேண்டும், வரவிடாமல் செய்தவன் தன் சொல்லாலேயே அழிய வேண்டும். இந்த இரண்டையும் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு வேலை இல்லை.

அரண்மனை ஆட்கள் வந்து அடுப்புக்கு மேலே தொங்கிய சுக்கானை இறக்கிக்கொண்டு போனார்கள். வேறொருவனைச் சுக்கானுக்குப் போட்டான் அரசன். இந்தக் காற்றுக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகத் தன் ஒரே மகன் கிளினியாஸையும் கப்பலில் ஏற்றினான். ஆர்கியாஸ் அதற்கும் வந்து சொல்லிப் பார்த்தார். ஒரு வாரம் பொறு, காற்று திரும்புகிறதா பார்க்கலாம் என்றார். ஒரு வாரம் என்று அவர் சொன்னதாலேயே கப்பல் மறுநாள் கிளம்பியது.

கிளம்புகிற அன்று மத்தியானம் கிளினியாஸ் லிசில்லாவின் கதவைத் தட்டினான். அவனும் தோர்க்கிஸும் ஒரே துறையில் நீச்சல் கற்றவர்கள். அவள் திறக்கவில்லை.

"அத்தை, நான் அப்பாகிட்ட கெஞ்சினேன்," என்றான் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "கேக்கலை."

கெஞ்சியவன் உயிரோடு நிற்கிறான், யாருக்காகக் கெஞ்சினானோ அவன் கடலில் கிடக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். அவன் துறைக்குப் போனான்.

மூன்றாம் நாள் தெற்குக் காற்று அடித்தது. ஐந்தாம் நாள் பலகைகள் கரை ஒதுங்கின. கப்பலின் முகப்பில் வரைந்திருந்த கண் ஒன்று அலையில் மிதந்து வந்து மணலில் கிடந்தது. மாரில் அடித்துக்கொண்டு முப்பத்தொன்பது தாய்மாரும் மனைவிமாரும் கரைக்கு ஓடினார்கள். நாற்பதாவதாக அரசி மிர்த்தோ காலில் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

பதின்மூன்றாம் நாள் ஒருவன் மட்டும் நடந்தே ஊருக்கு வந்தான். மிக்கோஸ் என்ற துடுப்புக்காரன். தெற்கு முனையில் ஒதுங்கியவனை ஆடு மேய்க்கிறவர்கள் பாலைக் கொடுத்துப் பிழைக்க வைத்திருந்தார்கள். அவன் தாய் எவார்க்கே அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு அடித்தாள், பிறகு சிரித்தாள்.

"நல்லவேளைடா, உன்னை இன்னும் கூப்பிடலை," என்றாள். "கூப்பிட்டிருந்தா நீ செத்தவன்தான். யாரும் உன்கிட்ட பேசக்கூடாது, நெருப்பு தரக்கூடாது, கோயில் பக்கம் நீ போகக்கூடாது. வீட்டுப் பொம்பளைங்க மனசு வெச்சு, உன்னைப் பொறந்த குழந்தை மாதிரி குளிப்பாட்டி, துணியில சுத்தி, பால் குடுத்து மறுபடி பெத்தெடுத்தாதான் உனக்கு உயிரு. உன் தாடிக்கு நான் எங்கடா போய்த் தொட்டில் தேடுவேன்?"

பக்கத்தில் நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். லிசில்லாவும் அங்கேதான் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை, ஆனால் எவார்க்கே சொன்னதை முழுதாகக் கேட்டாள்.

தெலேசோன் மிக்கோஸை அழைத்து விசாரித்தான். கிளினியாஸ் கடைசிவரை ஒரு பலகையைப் பிடித்திருந்தான், என் கை மரத்துப்போனதைப் பார்த்து அந்தப் பலகையை என்னிடம் தள்ளிவிட்டான், அவன் மூழ்கியதை என் கண்ணால் பார்த்தேன் என்றான் மிக்கோஸ். அரசன் அவனை அறைந்தான். பொய் என்றான். ஒருத்தன் திரும்பி வந்தால் இன்னொருத்தனும் வருவான் என்று ஏழெட்டு நாள் மாடத்தில் நின்று தெற்கு முனையையே பார்த்தான். என் ஆணையால்தான் மிக்கோஸ் பிழைத்தான், இல்லாவிட்டால் அவசரப்பட்டுக் கூப்பிட்டுத் தொலைத்திருப்பீர்கள் என்று வேறு பெருமை பேசினான். பிறகு ஒருநாள் காலை மாடத்திலிருந்து இறங்கி லிசில்லாவுக்கு ஆள் அனுப்பினான்.

அவன் கண்கள் வீங்கியிருந்தன. குரல் மட்டும் மாறவில்லை. என் மகனையும் மற்ற முப்பத்தெட்டுப் பேரையும் நாளைக்கே கூப்பிடு என்றான்.

"வரிசையில முதல்ல ஒரு ஆள் நிக்கறான் ராஜா," என்றாள் லிசில்லா. "அவனை விடக்கூடாதுன்னு உங்க ஆணை இருக்கு."

"அவனைத் தாண்டிக் கூப்பிடு."

"தாண்டினா உங்க பிள்ளை எப்பவும் வரமாட்டான். அதை நான் செய்யமாட்டேன். அவன் மேல எனக்குக் கோபமில்ல."

பாறை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, என்னைத் தள்ளிவிட்டால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள் என்று அவள் கேட்டாள். தனக்குப் பதில் கிடைக்காதபோதெல்லாம் செய்வதுபோலக் காவலரைக் கூப்பிட்டு அவளை வெளியே அனுப்பினான்.

வெளியூரிலிருந்து ஒரு ஒப்பாரிக்காரியை வரவழைத்தான். நல்ல குரல் அவளுக்கு. கரையில் நின்று, தோர்க்கிஸைத் தாண்டி முதல் துடுப்புக்காரனின் பெயரைக் கூப்பிட்டாள். லிரேயாப் பெண்கள் எல்லோரும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் தரம் கூப்பிட்டாள், கடல்தான் இரைந்தது. அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு, இந்த ஊரில் செத்தவர்களைக் கண்டுகூடப் பயமில்லை, உயிரோடு இருப்பவர்களைக் கண்டால்தான் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கழுதை ஏறினாள்.

பிறகு பெண்கள் லிசில்லாவின் வீட்டுக்கு வந்தார்கள். தோர்க்கிஸின் முப்பதாம் நாளுக்கு ஆறு நாள்தான் பாக்கி. அது போய்விட்டால் அவனைக் கூப்பிடவே முடியாது, அவனுக்குப் பின்னால் நிற்கும் முப்பத்தொன்பது பேருக்கும் வழி அடைந்துபோகும். உங்கள் சண்டை ராஜாவோடு, எங்கள் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வி லிசில்லாவைச் சுட்டது. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரின் தொட்டிலுக்குப் பக்கத்தில் அவள் பாடியிருக்கிறாள். என் மகனையும் கொன்று, உங்கள் வாயால் என்னையே குற்றவாளியாகவும் ஆக்கிவிட்டான் பாருங்கள் என்றாள். அப்போதுதான் முதல்முறையாக அவள் அழுதாள், பாட்டில்லாமல், மூக்கு ஒழுக, சாதாரணமாக.

எவார்க்கே எழுந்தாள். "கதவு எங்க அடைச்சிருக்கோ அங்க போய்த் தட்டுவோம்," என்றாள்.

மறுநாள் காலை அவர்கள் ஒலிவக் கிளைகளில் வெள்ளைக் கம்பளி நூலைச் சுற்றிக்கொண்டு போய் அரண்மனை வாசலில் உட்கார்ந்தார்கள். அப்படிச் சரணம் என்று உட்கார்ந்தவர்களைத் தொட்டு இழுத்தால் தெய்வம் சும்மா விடாது. காவலுக்கு நின்றவர்களில் பாதிப் பேரின் அம்மாவோ அக்காவோ அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். காவலர்கள் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். முதல் நாள் தெலேசோன் பின்வாசல் வழியாகப் போய்வந்தான். இரண்டாம் நாள் பின்வாசலிலும் பெண்கள் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் மிர்த்தோ உள்ளேயிருந்து ஒரு கிளையோடு வந்து லிசில்லாவுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

அதற்கு மறுநாள் அரசன் ஆணையை மாற்றினான். தானாக யோசித்து, பெரிய மனது பண்ணி, முப்பதாம் நாள் நாற்பது பேரையும் முறைப்படி கூப்பிட அனுமதிப்பதாகக் கூவச் சொன்னான். கூவியவனுக்கே சொல்லும்போது வாய் கோணியது.

முப்பதாம் நாளுக்கு முந்திய மாலை ஆர்கியாஸ் லிசில்லாவைத் தேடி வந்தார். தெலேசோனிடம் தான் கடைசியாக ஒரு யோசனை சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னார். நாளைக்கு ராஜாவாகப் போகாதே, அப்பனாகப் போ. முடியை வெட்டு, செருப்பைக் கழற்று, பெண்களுக்குப் பின்னால் நில். தோர்க்கிஸின் பெயர் வரும்போது நீயும் வந்துட்டான் என்று ஒரு சொல் சொல். அந்த ஒரு சொல்லில் அவள் கோபம் பாதி இறங்கிவிடும். இப்படியெல்லாம் சொல்லிப் பார்த்தாராம்.

"அதுக்கு அவர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் லிசில்லா.

"அனுமதி குடுத்ததே பெரிசு, துரோகிக்கு நான் வாயைத் திறக்கணுமான்னு கேட்டான்," என்றார் கிழவர். அவளையே பார்த்தார். "நீ என்னம்மா செய்யப்போற?"

"நாப்பது பேரையும் கூப்பிடுவேன் ஐயா. அதுக்கு மேல, அவர் வர்ற கோலத்தைப் பாத்துட்டுதான்."

அவள் பொய் சொல்லவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு வந்திருந்தால், அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், நாற்பதோடு நிறுத்தியிருப்பாள். மனம் ஆறியிருக்காது, ஆனால் நிறுத்தியிருப்பாள்.

காலையில் ஊரே கரையில் கூடியது. கரையோரம் நாற்பது வெறுங்குழிகள் வெட்டியிருந்தார்கள். பெரிய அண்டாக்களில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. தேனும் பாலும் கலந்த குடங்கள் வரிசையாக இருந்தன. தெலேசோன் வந்தான். கருஞ்சிவப்பு அங்கி, தலையில் பொன்பட்டம், பக்கத்துக்கு ஆறு ஈட்டிக்காரர்கள். பெண்களுக்குப் பின்னால் நிற்கவில்லை, முன்னாலும் நிற்கவில்லை. எல்லாம் நன்றாகத் தெரியும் என்று செம்பாறை மேல் ஏறி நின்றான், தோர்க்கிஸைத் தள்ளிய அதே விளிம்பில்.

லிசில்லா தண்ணீரில் முழங்கால்வரை இறங்கினாள்.

"தோர்க்கிஸ், வீட்டுக்கு வா."

முப்பது நாள் அடக்கி வைத்த குரல். அது பாறையில் மோதித் திரும்பியது. பெண்கள் நூறு பேர் ஒரே வாயாக 'வந்துட்டான்' என்றார்கள். இரண்டாம் தரம் கூப்பிட்டபோது காவலர்களில் சிலரும் முணுமுணுத்தார்கள். மூன்றாம் தரத்தில் ஏதோ ஒன்று அவளைத் தாண்டிக் கரைக்குப் போனதுபோல இருந்தது. மகன் வந்துவிட்டான் என்று அவள் நம்பினாள். நெஞ்சு ஒரு கணம் இளகியது. அந்தக் கணத்தில்தான் மேலேயிருந்து தெலேசோனின் குரல் கேட்டது.

"அடுத்த பேரை எடுக்கச் சொல்லு. வெயில் ஏறுது."

பாறையின் கீழே அந்த வாக்கியம் தெளிவாக வந்து விழுந்தது. எல்லோரும் கேட்டார்கள். லிசில்லா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பெயரை எடுத்தாள். கப்பலோடு ஒன்றாகப் போனவர்களை, துடுப்புப் போட உட்கார்ந்த பலகைகளின் வரிசையில் ஒவ்வொருவனாகக் கூப்பிட்டாள், ஒவ்வொருவனுக்கும் மூன்று தரம், ஒருவனுக்கும் குரலில் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒருத்தி துவண்டு விழுந்தாள், பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிக்கொண்டார்கள். கடைசியாகச் செத்தவன் கிளினியாஸ். கதவைத் திறக்காமல் இருந்துவிட்டேனே என்று அப்போது அவளுக்கு வலித்தது. அவனைத் தன் பிள்ளையைக் கூப்பிட்டது போலவே கூப்பிட்டாள். மிர்த்தோ பதில் சொல்லும்போது குரல் உடைந்தது. பாறை மேல் அரசன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதான். அதைப் பார்த்து லிசில்லாவுக்கு இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்தாள்.

கடைசிப் பெயர் முடிந்தால் தலைவி ஒரு பிடி மணலை எடுத்துத் தண்ணீரில் விடுவாள், அதோடு சரி. பெண்கள் அவள் குனிவதற்காகக் காத்திருந்தார்கள். அவள் குனியவில்லை. மூச்சை இழுத்தாள்.

"தெலேசோன், வீட்டுக்கு வா."

காற்று நின்றுபோன மாதிரி இருந்தது. யாரும் பதில் கொடுக்காவிட்டால் அது ஒரு கிழவியின் கூச்சல், அவ்வளவுதான். அடுத்த நாழிகையில் அவளைப் பாறைக்கு இழுத்துப் போவார்கள். அவளுக்கு அது தெரியும். எவார்க்கே வாயைத் திறந்து மூடினாள்.

"வந்துட்டான்," என்றாள் ஒருத்தி.

தனிக் குரல். அது மிர்த்தோ. அவள் பாறையைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துச் சொன்னாள்.

லிசில்லா இரண்டாம் தரம் கூப்பிட்டாள். எவார்க்கேயும் அவளைச் சுற்றி இருந்தவர்களும் பதில் கொடுத்தார்கள். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது கரை முழுக்க ஒரே குரலாக எழுந்தது. நாற்பது பெயர்களுக்கும் அவ்வளவு பலமான பதில் வரவில்லை. அதன் பிறகுதான் அவள் குனிந்து மணலை எடுத்துத் தண்ணீரில் விட்டாள்.

தெலேசோன் முதலில் சிரித்தான். பிறகு அவளைப் பிடிக்கச் சொன்னான். காவல் தலைவனின் தம்பி அந்தக் கப்பலில் மூன்றாவது துடுப்புப் பலகையில் உட்கார்ந்து போனவன். அந்தத் தலைவன் தன் ஈட்டியைத் தலைகீழாக மணலில் குத்தி நிறுத்திவிட்டு, சாவு வீட்டிலிருந்து இறங்குகிறவனைப் போல மெதுவாகப் பாறையிலிருந்து இறங்கினான். மற்ற பதினொரு பேரும் அவன் பின்னால் இறங்கினார்கள். அரசன் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கத்தினான். செத்தவன் கூப்பிட்டால் திரும்பக் கூடாது. அவர்கள் திரும்பவில்லை.

அவன் தானே இறங்கி வந்தான். அங்கி பாறையில் மாட்டிக் கிழிந்தது. கூட்டத்துக்குள் நுழைந்தான், நுழைந்த இடமெல்லாம் வழி விட்டது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒருவனின் தோளைப் பிடித்து உலுக்கினான். அந்த ஆள் குளிர் பிடித்தவன்போலத் துணியை இழுத்துப் போர்த்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். ஆர்கியாஸிடம் போய், "ஐயா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றான். யோசனை கேட்டு அவன் அவரிடம் வந்தது அதுதான் முதல் தடவை. கிழவரின் கண்ணில் நீர் வழிந்தது. வாயைத் திறக்கவில்லை.

பருப்பைப் பரிமாறத் தொடங்கினார்கள். மிர்த்தோ தேன்பால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழி குழியாகப் போய் ஊற்றினாள். தோர்க்கிஸுக்கு ஊற்றினாள், பிறகு வரிசைப்படி ஒவ்வொருவனுக்கும். கிளினியாஸின் குழிக்குப் பக்கத்தில் அவள் கணவன் மண்டியிட்டிருந்தான்.

"மிர்த்தோ, நீ மனசு வெச்சா என்னை மறுபடி கொண்டுவந்துடலாம்," என்றான். "என்னைக் குளிப்பாட்டு. நீ சொல்றதை இனிமே கேக்கறேன். என்ன சொன்னாலும் கேக்கறேன்."

அவன் இரண்டு கைகளையும் ஏந்தி நீட்டினான். அவள் மகனின் குழியில் ஊற்றினாள். இரண்டடி தள்ளி வந்தாள். குடத்தில் மிச்சமிருந்ததை அவன் கைகளுக்கு அப்பால், முழங்காலுக்கு முன்னால், மணலில் ஊற்றினாள். மணல் அதைக் குடித்துவிட்டது. வெறுங்குடத்தோடு அவள் பெண்களிடம் நடந்து போனாள்.

லிசில்லா ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். தொண்டை கட்டிப் பேச்சு வரவில்லை. எவார்க்கே ஒரு கிண்ணம் பருப்பை நீட்டினாள். அவளுக்குப் பசித்தது. முப்பது நாளுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. மணலில் உட்கார்ந்து, தெலேசோன் இருந்த பக்கம் முதுகைக் காட்டி, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினாள்.